ராசிக்கார லேப்டாப்

அந்தத் தையல் கூடத்தில் முப்பத்திரண்டு மெஷின்கள் இருந்தன. ராசியானது எது என்று கேட்டால் மட்டும் ஒருவரும் மெஷின் பக்கம் கை காட்ட மாட்டார்கள். ஜன்னலோர மேஜையில், ஒரு பக்கக் கீல் உடைந்து துணி டேப் சுற்றிய நிலையில் கிடந்த பழைய லேப்டாப்பைத்தான் காட்டுவார்கள்.

காவலாளிகள், ஓட்டல் பணியாளர்கள், நர்சுகள் என்று பலருக்கும் யூனிஃபார்ம் தைக்கிற இடம் அது. சட்டையின் ஒவ்வொரு பாகத்தையும் லேப்டாப்பில் வரைவார்கள். பக்கத்தில் இருக்கிற பிளாட்டர், அதாவது ஆள் அகலப் பிரிண்டர், அதை நிஜ அளவில் காகிதத்தில் போட்டுத் தரும். அந்தக் காகிதத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். கட்டிங் மாஸ்டர் அதைத் துணி மேல் வைத்து வெட்டுவார். இந்தக் கூடத்தில் தைத்த சட்டை உடம்பில் உட்காருவது போல வேறெங்கும் உட்காராது என்று பெயர் வாங்கியிருந்தார்கள். யாராவது வந்து பாராட்டினால் முதலாளி அவர்களைக் கையோடு ஜன்னலோரம் அழைத்துப் போவார்.

"எல்லாம் இந்த லேப்டாப்போட ராசிங்க. ஒன்பது வருஷமா ஒரு பேட்டர்ன் தப்பா வந்ததில்ல."

பிறகு, லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் விட்டுவிடக் கூடாதே என்று, "இது நம்ம ஹெல்பர்" என்பார். எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது என்பார்கள். இங்கே எய்தவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு அம்புக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள்.

அந்த ஹெல்பரைக் கூடத்தில் எல்லோரும் அரையிஞ்சு என்று கூப்பிடுவார்கள். பேட்டர்ன் போடும்போது "இருபதுக்கு அரை இஞ்சு, இருபதுக்கு அரை இஞ்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லா நீளத்திலும் கொஞ்சம் கூட்டுவாள். வேண்டுதல் மாதிரி ஏதோ ஒன்று என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கேட்டால் அவளுக்கும் காரணம் சொல்லத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி அது கையோடு வந்துவிட்ட பழக்கம்.

பெயர் தனக்கு வரவில்லையே என்ற வருத்தம் அவளுக்கு இல்லாமலில்லை. ஆனால் லேப்டாப் மேல் கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் அவளுக்கு அதன் மேல் உயிர். இங்கே அவள் வந்து சேர்ந்தது, தைத்து முடிந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலைக்கு. அப்போது இருந்த டிசைனர் ஒருநாள் முதலாளியோடு முறைத்துக்கொண்டு, லேப்டாப்பை மூடக்கூட இல்லாமல் போய்விட்டார். சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். தப்பாகத் தட்டினாள், அழித்தாள், திரும்பத் தட்டினாள். மூன்றாவது வாரம் ஒரு காலர் வரைந்தாள். வேறு ஆள் கிடைக்கும் வரை என்று முதலாளி அவளை அங்கேயே உட்கார விட்டார். 'உனக்கென்ன தெரியும்' என்று அவளைக் கேட்காத ஒரே ஜீவன் அந்தக் கூடத்தில் அதுதான். அதனால்தான் விசைகளில் எழுத்தெல்லாம் அழிந்து, திரையில் பச்சைக் கோடு விழுந்து, காற்றாடி இருமல்காரர் மாதிரி இரைய ஆரம்பித்த பிறகும், வேறு லேப்டாப் பற்றிய பேச்சு எழுந்தால் அவள் முகம் சுருங்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப் மேஜையில் தட்டையாக உட்கார மறுத்தது. அடியில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தன் தம்பியை வரவழைத்தாள். அவன் திருப்பிப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரியைக் கழற்றினான்.

"பேட்டரி வயிறு ஊதிப் போச்சுக்கா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்."

"வேற பேட்டரி போட்டுக் குடுடா."

"இதுக்கு எங்க கிடைக்கும்? ஒயரைச் சொருகினா ஓடும். ஒயர் கொஞ்சம் அசைஞ்சா உயிர் போயிடும். இதை நம்பி வேலை பாக்காத."

முதலாளி அன்றே புது லேப்டாப் வாங்கிவிட்டார். வாங்கித்தான் தீர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சுகள் எண்ணூறு பேருக்குத் தைக்கும் வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வியாழக்கிழமை மேட்ரன், அதாவது அங்கே தலைமை நர்ஸ், வந்து மாதிரி யூனிஃபார்மைப் பார்ப்பதாக ஏற்பாடு. பழையதை என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, "உனக்குத்தான் அது உயிராச்சே, நீயே ஒரு முடிவு பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். தம்பி பழைய ஃபைல்களையெல்லாம் புதியதுக்கு மாற்றிக் கொடுத்தான். பழையதைத் தன் துப்பட்டாவில் சுற்றிப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

திங்கட்கிழமை, புது லேப்டாப்பிலிருந்து வந்த முதல் பேட்டர்னில் மாதிரி தைத்தார்கள். மேட்ரன் அளவு உடம்புள்ள தையல்காரி ஒருத்தி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இடுப்பு இருந்தது. பாக்கெட்டில் கைவிட அவள் ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. பேண்ட் கீழே மடிந்து குதிகாலை விழுங்கியது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாத்தியா, ராசி போச்சு. நான் அப்பவே நினைச்சேன்."

"சார், ஃபைல் அதேதான். நான் எதையும் மாத்தல" என்றாள் அவள்.

"நீ மாத்தலம்மா. லேப்டாப்தான மாறிடுச்சு." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். "தெரிஞ்ச டிசைனர் ஒருத்தர் இருக்காரு, வெள்ளிக்கிழமைலேர்ந்து வரச் சொல்லலாம்னு பாக்கறேன். மேட்ரன்கிட்ட ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சணும். இவ்வளவு நாளா அதுவே எல்லாத்தையும் பாத்துக்கிச்சு. இனிமே ஒரு ஆள் வேணும்ல."

இனிமே ஒரு ஆள் வேணும். அப்படியானால் ஒன்பது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார், தலையணையா? கேட்கத்தான் நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு குரல், அவர் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டது. அந்தக் குரலுக்குத்தான் அவள் பயந்தாள். சாயங்காலம் அழுக்குப் பையும் அழுகை முகமுமாக வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். சாப்பிடும்போது அவளிடமிருந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் தன் கதையைச் சொன்னார்.

"புது வண்டின்னா அப்படித்தாம்மா. போன வருஷம் எனக்குப் புது பஸ் குடுத்தாங்களே, ரெண்டு நாள் அது வலது பக்கமே போச்சு. ரெண்டு தடவை நடுக்கோட்டத் தாண்டிட்டேன். வண்டில கோளாறுன்னு எழுதிக் குடுத்தேன். மெக்கானிக் பாத்துட்டு சிரிக்கறான். பழைய பஸ்ஸு இடது பக்கம் இழுக்குமாம், நான் பல வருஷமா ஸ்டீரிங்கை வலது பக்கமாப் பிடிச்சே ஓட்டியிருக்கேன். கை மறக்கல. புது வண்டி நேராத்தான் போச்சு, நான்தான் அதைத் திருப்பியிருக்கேன்."

அவள் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா, உப்பு ஜாஸ்தியா?"

"ஒண்ணுமில்ல. நீங்க சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். அவரும் சந்தோஷமாக முதலிலிருந்து சொன்னார். அவர் கதையை யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

மறுநாள் காலை, கட்டிங் மாஸ்டர் கதவு திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். பழைய லேப்டாப்பில் ஒயரைச் சொருகி, அசையாமல் இருக்கத் துணிக்கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்தாள். சட்டை, பேண்ட் எதுவும் வரையவில்லை. நாற்பது இஞ்சு நீளத்துக்கு ஒரு கோடு மட்டும் போட்டாள். பிளாட்டர் அந்தக் கோட்டைக் காகிதத்தில் இழுத்தது. பிறகு பிளாட்டர் ஒயரைப் புது லேப்டாப்புக்கு மாற்றி, அதே நாற்பது இஞ்சுக் கோட்டை மறுபடி போட்டாள். இரண்டு காகிதங்களையும் கட்டிங் மேஜையில் விரித்துக் கழுத்திலிருந்த அளவு டேப்பை எடுத்தாள்.

புதியது நாற்பது. பழையது முப்பத்தொன்பது.

"தப்பா வச்சிருப்ப, தங்கச்சி" என்று கட்டிங் மாஸ்டர் தன் இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து தானே வைத்துப் பார்த்தார். ஸ்கேலும் முப்பத்தொன்பதுதான் என்றது. "நாற்பதுக்கு ஒண்ணு குறையுது" என்றார்.

"இருபதுக்கு அரை" என்றாள் அவள். சொன்ன மாத்திரத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அவள் பேட்டர்ன் போட ஆரம்பித்த முதல் மாதம், தைத்த பேண்டெல்லாம் கணுக்காலுக்கு மேல் நின்றன. அவள்தான் அளந்து அளந்து பார்த்து, இது போடுகிற நீளமெல்லாம் குறைகிறது என்று கண்டுபிடித்தாள். முதலாளியிடமும் சொன்னாள். சர்வீஸ் ஆள் வருவார் என்றார். சர்வீஸ் ஆள் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார். அவர் வரும் வரைக்கும் என்று அவள் இருபதுக்கு அரை கூட்ட ஆரம்பித்தாள். வருஷங்கள் போனதில் காரணம் மறந்தது, கை மட்டும் மறக்கவில்லை. குறைத்துப் போடாத புது லேப்டாப்பில் அந்தக் கூடுதலும் சேர்ந்து எல்லாமே நீண்டுவிட்டன.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அடப்பாவி, உன்னையா நான் துடைச்சுத் துடைச்சு வச்சேன்" என்று பழைய லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தாள், கட்டிங் மாஸ்டர் பயந்து தண்ணீர் எடுத்துவரப் போகும் அளவுக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளோ கோணல் கூடத்திலேயே ஒன்பது வருஷம் நேராக ஆடிக் காட்டியவள். ராசி, ராசி என்று ஊரெல்லாம் கொண்டாடியது ஒரு பழுதை. அந்தப் பழுது யார் கண்ணிலும் படாமல் தினமும் சரிக்கட்டி வைத்தவளுக்குப் பெயர் ஹெல்பர்.

முதலாளி வந்ததும் இரண்டு கோடுகளையும் காட்டி விளக்கினாள். அவர் தானும் ஒரு தரம் அளந்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா? உன் தம்பியைக் கூப்பிடு. புதுசையும் அதே மாதிரி குறைச்சுப் போடறாப்ல மாத்திடச் சொல்லு. பழைய ஃபைலெல்லாம் அப்படியே ஓடும்."

ஒன்பது வருஷத்தில் அவள் அவர் பேச்சை மறுத்ததில்லை. அன்று மறுத்தாள்.

"நல்லா இருக்கறத எதுக்கு சார் கெடுக்கணும்? ஃபைலை நான் திருத்தறேன். நர்ஸ் யூனிஃபார்ம்ல எல்லா சைஸும் சேர்த்து அறுபத்தோரு பாகம். வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்."

"முடியுமாம்மா? அந்த டிசைனர்கிட்ட..."

"சட்டை சரியா வரலன்னா அவரைக் கூப்பிடுங்க. நான் மறுபடி நூல் வெட்டப் போறேன். சரியா வந்துச்சுன்னா என் ஐடி கார்டுல ஹெல்பர்னு இருக்கறத மாத்துங்க. பேட்டர்ன் மாஸ்டர்னு போடுங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி அவளையே பார்த்தார். அவளிடமிருந்து இத்தனை நீளமாக ஒரு பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியாது, பாவம். "சரி பாப்போம்" என்றார். அது சம்மதமா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

இரண்டு நாள் அவள் தலை நிமிரவில்லை. கூட்டியதைக் கழிப்பது பெரிய வித்தையல்ல. ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் திறந்தபோது, அந்த அரை இஞ்சைத் தவிர அதில் இருந்த மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அளவெடுக்கும்போது யாரையும் அவள் சும்மா நிற்க விடுவதில்லை. உட்காரச் சொல்வாள், குனியச் சொல்வாள், கையைத் தூக்கிப் பரணில் எதையோ எடுப்பது போல எட்டச் சொல்வாள். நிற்கிற ஆளுக்கு மட்டும் தைத்தால் அது சிலைக்குத் தைத்த சட்டை என்பாள். அக்குளில் கொடுத்த தளர்வும், குனிந்தால் ஏறாமலிருக்க முதுகில் விட்ட கூடுதல் துணியும், முழங்கால் மடிப்புக்கு வைத்த வளைவும் எந்த லேப்டாப்பும் சொல்லித் தந்தவை அல்ல. 'இதை நான்தான் போட்டேன், இதையும் நான்தான்' என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பதாவது பாகத்துக்கு வரும்போது திங்கட்கிழமை கேட்ட அந்தக் குரல் வாயை மூடிக்கொண்டது.

புதன்கிழமை மதியம் முதலாளி புது யோசனையோடு வந்தார்.

"மேட்ரன் வரும்போது பழைய லேப்டாப்பும் மேஜை மேல இருக்கட்டும். ஒரு ராசிக்கு. அப்புறம் வாசல்ல கண்ணாடி அலமாரி செஞ்சு உள்ள வச்சிடலாம். 'எங்கள் வெற்றியின் காரணம்'னு ஒரு போர்டு."

முப்பத்தொன்பதை நாற்பது என்று சொல்லி வந்ததுக்குக் கண்ணாடி அலமாரி. அவளுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது. அது மேஜையில் இருக்கும் வரைக்கும் எது சரியாக வந்தாலும் புகழ் அதற்குத்தான். பீரோவில் துப்பட்டாவுக்குள் இருந்தாலும் என்றாவது ஒருநாள் அவளே அதை எடுத்துப் பார்த்து, ஒருவேளை ராசிதானோ என்று நினைக்கக்கூடும்.

"நீயே முடிவு பண்ணிக்கன்னு சொன்னீங்க சார். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள். அவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு தம்பி கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

கடையில் கவுண்ட்டர் மேல் வைத்து மூடியைத் துடைத்தாள். "பிரிச்சிடு. எது நல்லா இருக்கோ அதை எடுத்து யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போடு. மிச்சத்தைக் கழிவு எடுக்கறவங்ககிட்ட குடுத்திடு" என்றாள்.

தம்பி நம்பாமல் பார்த்தான். "உன் உயிராச்சேக்கா. சும்மா ஞாபகத்துக்கு வச்சுக்கக் கூடாதா?"

"ஞாபகத்துக்கு நான் இருக்கேன்டா."

அவன் முதல் திருகைக் கழற்றியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, நன்றாகவே அழுதாள். அவளை நம்பி உட்கார இடம் கொடுத்தது அது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. "நீ பொய் சொன்னாலும் நல்லவதான்" என்று கையால் ஒருதரம் தடவிக் கொடுத்தாள். கடைக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போய், மிச்சமிருந்த ஒன்பது பாகங்களையும் ஐந்தரை மணிக்குள் முடித்தாள். அன்று இரவே புது மாதிரியை வெட்டித் தைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேட்ரன் வந்தார். உயரமான, அதிகம் சிரிக்காத பெண்மணி. மாதிரி யூனிஃபார்மை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி கைகளைப் பிசைந்தபடி, "நிமிர்ந்து நில்லுங்க மேடம், கண்ணாடில பாருங்க" என்றார்.

"எங்க வேலைல நிக்கறதுக்கு எங்க நேரம் இருக்கு?" என்ற மேட்ரன், துணி ஏற்றும் தள்ளுவண்டியை நோயாளியின் கட்டில் போல இரு கையாலும் தள்ளிக்கொண்டு கூடத்தின் கடைசி வரை வேகமாகப் போனார். அங்கே குந்தி உட்கார்ந்து கீழே கிடந்த நூல் துண்டை எடுத்தார். எழுந்து, மேல் அலமாரியிலிருந்த பெட்டியை எட்டி எடுத்து, திரும்ப வைத்தார். படிக்கட்டில் ஓடி ஏறி இறங்கினார். தையல்காரிகள் முப்பத்திரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சட்டை ஏறவில்லை, பேண்ட் இறங்கவில்லை. இடுப்பு இடுப்பில் இருந்தது. அவள் தூணோரம் நின்றுகொண்டு, கழுத்து டேப்பின் இரண்டு நுனியையும் இறுகப் பிடித்திருந்தாள்.

மேட்ரன் வந்து நின்றார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் இளகியிருந்தது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, போட்டிருக்கறதே தெரியாத ஒரு யூனிஃபார்மை இப்பத்தான் பாக்கறேன். இந்தப் பேட்டர்ன் யார் போட்டது?"

முதலாளியின் கை பழக்கப்படி ஜன்னலோரம் நீண்டது. அங்கே புது லேப்டாப் மூடியபடி இருந்தது. அதன் பக்கத்தில், பழையது இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. நீண்ட கை அந்தரத்தில் நின்றது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தவித்து, மெதுவாகத் தூண் பக்கம் திரும்பியது.

"இவங்கதான் மேடம்" என்றார். அவளை அவர் 'இவங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

மேட்ரன் ஒப்புதல் படிவத்தை மேஜை மேல் விரித்தார். துணி, நிறம், தையல் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் எப்போதும் தானே கையெழுத்துப் போடும் முதலாளி பேனாவைத் திறந்தார், வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். 'பேட்டர்ன்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.

"கையெழுத்துக்குக் கீழ பதவி எழுதணும்" என்றார் மேட்ரன்.

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி மெஷின் வரை கேட்கும்படி சொன்னார்.

"பேட்டர்ன் மாஸ்டர்னு எழுதும்மா."

அவள் கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.